ஃபிஜி ஏன் ஜெருசலேமில் தூதரகம் திறந்தது? சிறிய கிறிஸ்தவ நாடுகளின் இஸ்ரேல் நட்பு பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஐ.நா. பொதுச்சபையில் இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றி வாக்கெடுப்பு நடந்தால், எதிர்த்து ஓட்டுப் போட்ட நாடுகளின் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 27 அன்று காசாவில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 14 நாடுகள் எதிர்த்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் இருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆஸ்திரியா, ஹங்கேரி போல நான்கு ஐரோப்பிய நாடுகளும் குவாத்தமாலா, பராகுவேயும் இருந்தன. மீதி ஆறும் பசிபிக் பெருங்கடலில் இருப்பவை: ஃபிஜி, டோங்கா, பாப்புவா நியூ கினி, நவ்ரு, மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள்.

இதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் சொல்வது, "அமெரிக்கா காசு கொடுத்திருக்கும், அவ்வளவுதான்" என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவ் ஆகிய மூன்றும் அமெரிக்காவோடு சிறப்பு ஒப்பந்தம் செய்துகொண்டவை, அவற்றின் பாதுகாப்பு அமெரிக்காவின் பொறுப்பு, பட்ஜெட்டில் கணிசமான பங்கும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஃபிஜிக்கோ பாப்புவா நியூ கினிக்கோ அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்த நாடுகளைக் காசை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி திருச்சபையில் இருக்கிறது, பைபிளில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், பெரும்பாலும் ஃபிஜியை வைத்து.

முதலில் அடிப்படை நம்பிக்கை. ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிராமிடம் சொல்கிறார்: "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன், உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன்." நம் ஊர் ஜெபக்கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும். இதோடு சங்கீதம் 122-இல் வரும் "எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வசனங்கள் ஆபிரகாமின் பிள்ளைகளான யூதர்களுக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்தும், 1948-இல் உருவான இஸ்ரேல் அரசு அந்த வாக்குத்தத்தத்தின் நிறைவேற்றம், ஆகவே இஸ்ரேலுக்கு ஆதரவாக நிற்கும் தனிமனிதனும் சரி, நாடும் சரி, ஆசீர்வதிக்கப்படும். இப்படி நம்புவதைத்தான் கிறிஸ்தவ சீயோனிசம் என்கிறோம்.

இது எல்லாக் கிறிஸ்தவர்களின் போதனையும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற ஆங்கிலோ-ஐரிஷ் போதகர் வரலாற்றைப் பல காலகட்டங்களாகப் பிரித்து, சபைக்கு ஒரு திட்டம், இஸ்ரவேலுக்கு இன்னொரு திட்டம் என்று போதித்தார். 1909-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்கவுரை பைபிள் இந்தப் போதனையை வசனத்துக்குக் கீழே அடிக்குறிப்பாகவே அச்சிட்டு, உலகம் முழுக்க மிஷனரிகளின் பைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதற்கு நேர் எதிராக, பவுல் கலாத்தியருக்கு எழுதியதைச் சுட்டுகிறவர்களும் உண்டு: "நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால், ஆபிரகாமின் சந்ததியாராயும், வாக்குத்தத்தத்தின்படியே சுதந்தரராயும் இருக்கிறீர்கள்." வாக்குத்தத்தம் ஒரு நிலப்பரப்பைத் தாண்டி எல்லா ஜனங்களுக்கும் வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். ஒரே பைபிளை வைத்துக்கொண்டு இரு தரப்பும் உண்மையாகவே நம்புகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு தரப்பை முட்டாளாகவோ கபடதாரியாகவோ நினைக்கத் தோன்றும்.

சரி, ஃபிஜிக்கு வருவோம். மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் குறைவு. அந்த நாட்டுச் சின்னத்தில் எழுதியிருக்கும் வாசகமே "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்ற பேதுரு நிருப வசனம்தான், ஃபிஜிய மொழியில். 1830-இல் தாஹிதித் தீவிலிருந்து வந்த உபதேசியார்கள் முதலில் சுவிசேஷம் சொன்னார்கள், 1835-இல் மெதடிஸ்ட் மிஷனரிகளான வில்லியம் கிராஸும் டேவிட் கார்கிலும் லகேம்பா தீவில் இறங்கினார்கள், 1854-இல் பெருந்தலைவர் தகோம்பாவ் கிறிஸ்தவரானார். அதன்பின் ஃபிஜியர்களே மிஷனரிகளாகப் போனார்கள். 1875-இல் தட்டம்மை வந்து பல்லாயிரம் பேர் செத்த அதே ஆண்டில், நவுலோவா வேதாகமப் பள்ளி மாணவர்கள் முன்வந்து, மிஷனரி ஜார்ஜ் பிரவுனோடு இன்றைய பாப்புவா நியூ கினிக்குக் கப்பலேறினார்கள். 1878-இல் அவர்களில் நான்கு பேர் நியூ பிரிட்டன் தீவில் கொல்லப்பட்டார்கள். 2007-இல் அந்தத் தீவின் தோலாய் மக்கள் ஃபிஜியின் பிரதிநிதியிடம் அதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டார்கள். 129 வருடம் கழித்து! சுவிசேஷத்தை இவர்கள் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன சரக்காக நினைப்பதில்லை, தங்கள் ரத்தம் சிந்திய சொந்தச் சொத்தாக நினைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

கிராமத்து ஃபிஜியரிடம் கேட்டால் வாழ்க்கை மூன்று தூண்களில் நிற்கிறது என்பார்: வனுவா, அதாவது மண்ணும் அதன் மக்களும், லோட்டு, அதாவது சபை, மதானிட்டு, அதாவது அரசாங்கம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. அரசியல் வேறு, பக்தி வேறு என்று பிரித்துவைக்கும் பழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றவில்லை. ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி தங்கம் வென்றதும் வீரர்கள் மைதானத்திலேயே கூடி நின்று கீர்த்தனை பாடியதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சமூகத்தில், "நம் நாடு இஸ்ரவேலை ஆசீர்வதிக்க வேண்டும்" என்பது வெளியுறவுக் கொள்கையாகவும் ஜெபமாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்.

இன்னொன்றும் உண்டு. "அவருடைய வேதத்துக்குத் தீவுகள் காத்திருக்கும்" என்கிறது ஏசாயா. சுவிசேஷம் "பூமியின் கடைசிபரியந்தமும்" போகும் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். உலக வரைபடத்தின் ஓரத்தில், பல வரைபடங்களில் விட்டேபோகும் ஒரு தீவில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கு அது தன்னைப் பற்றிய வசனம். பூமியின் கடைசி எல்லை நாங்கள்தான், எருசலேமிலிருந்து புறப்பட்டது எங்களிடம் வந்து சேர்ந்தது, இனி எங்களிடமிருந்து எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று சாலமன் தீவுகளில் ஒரு ஜெப இயக்கமே உருவாகி, அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியிருக்கிறது. தங்கள் முன்னோர் இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரம் என்று நம்புகிறவர்களும் மெலனேசியாவில் ஆங்காங்கே இருக்கிறார்கள். அதற்குச் சரித்திர ஆதாரம் கிடையாது. ஆனால் உலக அரசியலில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சின்ன ஜனத்துக்கு, வேதத்தின் மையத்திலேயே தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்று யோசித்துப் பாருங்கள். இதை மட்டம் தட்டிப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது தூதரக விஷயம். தூதரகம் ஒரு கட்டடம்தானே, எந்த ஊரில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். சாதாரணமாக அது பெரிய விஷயமில்லை. ஜெருசலேமில் மட்டும் பெரிய விஷயம். 1947-இல் ஐ.நா. போட்ட பிரிவினைத் திட்டம் அந்த நகரத்தை யாருக்கும் தராமல் சர்வதேச நிர்வாகத்தில் வைக்கச் சொன்னது. 1948 போருக்குப் பின் மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும் கிழக்குப் பகுதி ஜோர்டானிடமும் போயின, 1967-இல் கிழக்கையும் இஸ்ரேல் பிடித்தது. 1980-இல் முழு நகரமும் தன் தலைநகரம் என்று சட்டம் போட்டதும், பாதுகாப்பு கவுன்சில் 478-ஆம் தீர்மானத்தில் அதைச் செல்லாது என்று அறிவித்து, அங்கே தூதரகம் வைத்திருந்த நாடுகளை வெளியேறச் சொன்னது. நெதர்லாந்தும் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் பன்னிரண்டும் காலி செய்தன. கிழக்கு ஜெருசலேம் தங்கள் வருங்கால நாட்டின் தலைநகரம் என்பது பாலஸ்தீனர்களின் கோரிக்கை. ஆகவே அங்கே தூதரகம் திறக்கும் நாடு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தீராத ஒரு வழக்கில் சாட்சி சொல்கிறது.

அந்த நாடுகள் வெளியேறிய சில வாரங்களில், 1980 செப்டம்பர் 30 அன்று, கூடாரப் பண்டிகைக்காக அங்கே வந்திருந்த கிறிஸ்தவர்கள் "சர்வதேசக் கிறிஸ்தவத் தூதரகம்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசாங்கங்கள் போனாலும் கிறிஸ்தவர்கள் போகவில்லை என்று காட்டுவதுதான் நோக்கம். ஒவ்வொரு வருடமும் அதன் கூடாரப் பண்டிகைக் கொண்டாட்டத்துக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து குழுக்கள் போய், தங்கள் பாரம்பரிய உடையில் ஜெருசலேம் தெருக்களில் ஊர்வலம் நடக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் சபையில் சாட்சி சொல்கிறார்கள். அந்தச் சபையில் எம்.பி.யும் உட்கார்ந்திருப்பார். வெளியுறவுக் கொள்கை இப்படியும் உருவாகிறது.

2018-இல் அமெரிக்கா தன் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியபின் வழி திறந்தது. இரண்டே நாளில் குவாத்தமாலா வந்தது, அப்போதைய அதிபர் ஜிம்மி மொராலஸ் ஓர் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர். 2021-இல் கொசோவோவும் ஹோண்டுராஸும். 2023 செப்டம்பரில் பாப்புவா நியூ கினி. அதன் பிரதமர் ஜேம்ஸ் மராபே திறப்பு விழாவில் சுற்றி வளைக்கவில்லை: எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக ஏற்காமல் முடியாது என்ற கருத்தை நேராகவே பேசினார். முதல் இரண்டு வருடச் செலவை இஸ்ரேல் ஏற்றுக்கொண்டது என்பதையும் அவரே சொன்னார். விசுவாசமும் உண்மை, செலவுக்குப் பணம் வந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

ஃபிஜியில் இது தேர்தல் கணக்கு வழியாக நுழைந்தது. 2022 டிசம்பர் தேர்தலில் 55 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்றே இடம் வைத்திருந்த சோடெல்பா கட்சி யார் பக்கம் சாய்கிறதோ அவர்களுக்கே ஆட்சி. அந்தக் கட்சி வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஜெருசலேமில் தூதரகம். சுதேச ஃபிஜியரின் நலன், மாணவர் கல்விக் கடன் போன்ற உள்ளூர்க் கோரிக்கைகளோடு இதுவும் அதே பட்டியலில் இருந்தது. கட்சி சிதிவேனி ரம்புகா பக்கம் சாய்ந்தது, அவர் பிரதமரானார். 2025 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2025 செப்டம்பர் 17 அன்று நெதன்யாகுவும் ரம்புகாவும் சேர்ந்து தூதரகத்தைத் திறந்தார்கள்.

ரம்புகாவுக்கு அந்தப் பிரதேசம் வெறும் பைபிள் வரைபடமல்ல. 1980-களின் தொடக்கத்தில் லெபனானில் ஐ.நா. அமைதிப்படையின் ஃபிஜிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஃபிஜி 1978 முதல் தெற்கு லெபனானிலும், பிறகு சினாய், கோலான் பகுதிகளிலும் படைகளை அனுப்பி வருகிறது. அங்கே வேலை செய்த அப்பாவோ மாமாவோ உள்ள குடும்பங்கள் நிறைய. யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்த சிப்பாய்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே சேவையில்தான் கானாவும் நடந்தது. 1996 ஏப்ரல் 18. தெற்கு லெபனானின் கானா கிராமத்தில் ஃபிஜிப் படைப்பிரிவின் தலைமையகம். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த நூற்றுக்கணக்கான கிராமத்து மக்களை அந்த வளாகத்துக்குள் ஃபிஜியச் சிப்பாய்கள் தங்கவைத்திருந்தார்கள். அருகிலிருந்து ஹிஸ்புல்லா தாக்கியதற்குப் பதிலடியாக இஸ்ரேல் பீரங்கியால் சுட்டது, குண்டுகள் வளாகத்துக்குள் விழுந்தன. 106 பொதுமக்கள் இறந்தார்கள், ஃபிஜிய வீரர்கள் நான்கு பேர் படுகாயமடைந்தார்கள். குறி தவறிவிட்டது என்றது இஸ்ரேல், அதை நம்புவது கடினம் என்றது ஐ.நா. விசாரணை. தாங்கள் சோறு போட்டுக் காத்தவர்களின் உடல்களைத் தாங்களே பொறுக்கியெடுத்த ஃபிஜியர்கள் இன்னும் அந்த நாட்டில் வாழ்கிறார்கள். தூதரகத் திறப்பைப் பற்றிப் பேசும் எவரும் இதையும் பேச வேண்டும் என்பது என் எண்ணம். மறுபக்கம், 2014-இல் கோலானில் 45 ஃபிஜிய வீரர்களைப் பிடித்துவைத்தது சிரியாவின் ஆயுதக் குழுவான அல்-நுஸ்ரா முன்னணி. இரண்டு வாரத்தில் விடுவித்தார்கள். அந்த நாட்களில் ஊர் ஊராக ஜெபம் நடந்தது.

அடுத்து, புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம். யூத மக்கள்மீதான நேசம், இஸ்ரேல் அரசுடனான உறவு, இன்றைய இஸ்ரேல் அமைச்சரவையின் முடிவுகளுக்கு ஆதரவு, இவை மூன்றும் வேறு வேறு. முதலாவது கிறிஸ்தவர்களுக்குக் கடமை என்றே நினைக்கிறேன். ஐரோப்பியச் சபைகள் நூற்றாண்டுகளாக யூதர்களை "கிறிஸ்துவைக் கொன்றவர்கள்" என்று தூற்றின, அந்த விஷம் ஊறிய மண்ணில்தான் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், 1965-இல்தான் கத்தோலிக்கத் திருச்சபை யூதர் அனைவர்மீதும் அந்தப் பழியைச் சுமத்தக்கூடாது என்று முறைப்படி அறிவித்தது. இரண்டாவது, எல்லா நாடுகளும் வைத்துக்கொள்ளும் சாதாரண உறவு. மூன்றாவது அரசியல் தீர்ப்பு, வசனத்தைக் காட்டி அதற்கு விலக்குக் கேட்க முடியாது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் இஸ்ரவேலை நேசித்தவர்கள்தான், ராஜாக்களின் முகத்துக்கு நேரே கண்டித்தவர்களும் அவர்களே. ஆமோஸும் மீகாவும் எழுதியதைப் படித்தால் தெரியும்.

யூதர்கள் எல்லாருக்கும் இந்தக் கிறிஸ்தவ நட்பு இனிக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். கடைசிக் காலத்தில் யூதர்கள் பெரும் அழிவைச் சந்திப்பார்கள், மீதியானவர்கள் இயேசுவை ஏற்பார்கள் என்பது இந்த நட்பின் பின்னால் இருக்கும் சில போதனைகளில் ஒன்று. நம்மை நேசிக்கிறார்களா, நம்மைத் தங்கள் கதையில் ஒரு பாத்திரமாகப் பயன்படுத்துகிறார்களா என்று யூத அறிஞர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

அதைவிட வலுவான எதிர்ப்பு அந்த மண்ணின் கிறிஸ்தவர்களிடமிருந்தே வருகிறது. 2006-இல் ஜெருசலேமின் லத்தீன் கத்தோலிக்க முதுபெரும் தந்தை மிஷேல் சப்பாவும், சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் தலைவர்களும் சேர்ந்து, கிறிஸ்தவ சீயோனிசம் நீதியையும் சமாதானத்தையும் கெடுக்கும் தவறான போதனை என்று அறிக்கை வெளியிட்டார்கள். 2023 கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேமின் லுத்தரன் ஆலயத்தில் குழந்தை இயேசுவை உடைந்த கான்கிரீட் இடிபாடுகளுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள், அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். காசாவின் திருக்குடும்ப ஆலயம் 2025 ஜூலையில் தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்கிற தீவுக் கிறிஸ்தவர்களும், அந்த எருசலேமிலும் பெத்லகேமிலும் முதல் நூற்றாண்டிலிருந்து ஆராதிக்கிற கிறிஸ்தவர்களும் ஒருவரையொருவர் சந்திப்பதே அபூர்வம். யாத்திரைப் பேருந்துகள் பெரும்பாலும் கற்களைப் பார்க்க நிற்கின்றன, அந்தச் சபைகளின் ஆராதனைக்கு நிற்பதில்லை. இந்த நட்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிணையாகக் கொண்டுபோனபோது இஸ்ரேலுக்காக அழுதவர்கள் சரியாகத்தான் அழுதார்கள். காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 2025 செப்டம்பருக்குள் அங்கே இறந்தவர்கள் 60,000-க்கும் மேல். அதற்கும் அதே கண்ணீர் வர வேண்டும். ஃபிஜியின் தலைநகர் சுவாவில் பெண்கள் நெருக்கடி மைய வளாகத்தில் பாலஸ்தீனக் கொடியோடு வாராவாரம் கூடியவர்களில் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத் தெருவில் ஊர்வலம் போகப் போலீஸ் அனுமதி தரவில்லை.

ஃபிஜி முழுக்கக் கிறிஸ்தவ நாடும் அல்ல. 2007 கணக்கெடுப்பில் சுமார் 64 சதவீதம் கிறிஸ்தவர்கள், 28 சதவீதம் இந்துக்கள், 6 சதவீதம் முஸ்லிம்கள். இந்த இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் பேரன்கள், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போனதால் நாடி, லம்பாசா ஊர்கள் பக்கம் நம்மவர்களும் நிறைய. 2013 அரசியல் சட்டம் ஃபிஜியை மதச்சார்பற்ற நாடு என்கிறது. அப்படியிருக்க, ஒரு மதத்தின் வாக்குத்தத்தத்தை நாட்டின் பெயரால் நிறைவேற்றுவது, கரும்புத் தோட்டத்துப் பேரன்களும் வரி கட்டும் அரசாங்கத்துக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் அங்கே உண்டு. அந்தக் கேள்விக்கு அரசாங்கம் இன்னும் முழுப் பதில் சொல்லியதாக நான் நினைக்கவில்லை.

ஃபிஜியின் ஓட்டும் எப்போதும் ஒரே மாதிரி விழவில்லை. 2024 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றத்தில் அது இஸ்ரேலுக்குச் சாதகமாக வாதாடியது. 2024 செப்டம்பரில், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பை ஒரு வருடத்தில் முடிக்கச் சொன்ன தீர்மானத்தை எதிர்த்த 14 நாடுகளில் ஒன்றாக நின்றது. ஆனால் 2023 டிசம்பரில் போர்நிறுத்தத் தீர்மானத்தை எதிர்த்த 10 நாடுகளில் அது இல்லை. 2025 செப்டம்பர் 12 அன்று, தூதரகம் திறக்க ஐந்தே நாள் இருந்தபோது, இரு நாடுகள் தீர்வை ஆதரித்த தீர்மானத்தை எதிர்க்காமல் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. பாப்புவா நியூ கினி எதிர்த்தது. ஆகவே "பசிபிக் கிறிஸ்தவ நாடுகள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். அடுத்த முறை பட்டியல் வரும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே சபை என்ன சொல்கிறது, கூட்டணி யாரை நம்பி நிற்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, படை எங்கே நிற்கிறது என்று நான்கையும் பாருங்கள்.

நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். பராகுவே 2018 மே மாதம் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றி, புதிய அதிபர் வந்ததும் அதே செப்டம்பரில் டெல் அவிவுக்கே திருப்பிக்கொண்டது, 2024 டிசம்பரில் மறுபடி ஜெருசலேமுக்கு வந்தது. கோஸ்டா ரிகாவும் எல் சால்வடாரும் ஜெருசலேமில் இருந்துவிட்டு 2006-இல் கிளம்பின. ஃபிஜியிலும் முடிவெடுத்தது ஓர் அமைச்சரவை, அதை மாற்ற இன்னோர் அமைச்சரவை போதும்.